நம்பருக்குக் கட்டும் வாடகை

ப்ரீபெய்டா போஸ்ட்பெய்டா என்று யோசனை கேட்பவர்கள் முதலில் எடுப்பது ஜிபி கணக்கைத்தான். ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி, ஹாட்ஸ்டார் சேர்ந்து வருமா, 5ஜி உண்டா என்று வரிசையாகக் கேட்பார்கள். உறவிலும் நட்பிலும் பலருக்குத் திட்டம் பார்த்துக் கொடுத்த பழக்கத்தில் எனக்குப் பட்டது, இவையெல்லாம் இரண்டாம் பட்சம் என்பதுதான். பேச்சு இன்று ஏறக்குறைய எல்லாத் திட்டத்திலும் வரம்பில்லாமல் கிடைக்கிறது. டேட்டா முக்கால்வாசிப் பேருக்கு மிஞ்சித்தான் போகிறது. நாம் காசு கொடுத்து வாங்குவது அந்தப் பத்து இலக்க எண் வேலை செய்யும் நாட்களை. கடைக்காரர் பாஷையில் வேலிடிட்டியை. மாத வாடகை மாதிரி அது. இந்த மாதம் வீட்டை எவ்வளவு நேரம் பயன்படுத்தினோம் என்று எந்த வீட்டுக்காரரும் கேட்பதில்லை. ஆகவே இரண்டு வகையையும் ஒப்பிடும்போது நான் கேட்பது ஒன்றுதான்: இந்த வாடகை தவறிப்போகும் வாய்ப்பு இந்த ஆளுக்கு எதில் குறைவு, தவறினால் எவ்வளவு நஷ்டம்? விலை வித்தியாசத்தை அதற்கப்புறம் பார்த்தால் போதும்.

வேலிடிட்டி இப்படி ஒரு சரக்கானது சமீபத்தில்தான். 2003 மே மாதம் அழைப்பவரே கட்டணம் கட்டும் முறை வந்து இன்கமிங் இலவசமானது. ரீசார்ஜ் கார்டுக்கு அப்போதும் நாள் கெடு உண்டு. 2005 இறுதியில் 999 ரூபாய்க்கு ‘லைஃப்டைம்’ திட்டங்கள் வந்ததும் அந்தக் கெடுவும் போயிற்று. பத்து ரூபாய் டாப்-அப், ரேட் கட்டர், மிஸ்டு கால் என்று ஒரு தலைமுறையே ஏறக்குறைய செலவில்லாமல் எண்ணை வைத்துக்கொண்டது. அப்போது ப்ரீபெய்டு என்றால் பேசினால் காசு, பேசாவிட்டால் இல்லை. 2009-இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று வந்ததும் அந்தக் கணக்கு இன்னும் பொடிப்பொடியானது. 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்து பேச்சை இலவசமாக்கியது. நிமிடத்தை விற்றுப் பிழைத்த கம்பெனிகளுக்கு விற்க நாட்கள்தான் மிச்சமிருந்தன. 2018 இறுதியில் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும், இன்கமிங் வரவேண்டுமானால்கூட 28 நாளுக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் போட்டாக வேண்டும் என்றன. ஏர்டெல்லில் அதே 28 நாள் குறைந்தபட்ச பேக் 2024 ஜூலையில் 199 ரூபாயானது. லைஃப்டைம் சிம் வைத்திருந்தவர்கள் முணுமுணுத்துவிட்டுக் கட்டினார்கள்.

இந்த மாற்றத்தின் முக்கிய விளைவு, ப்ரீபெய்டும் போஸ்ட்பெய்டும் ஒரே ஜாதியாகிவிட்டதுதான். இரண்டிலும் கட்டுவது மொத்தத் தொகை. ஒன்றில் முன்பணம், மற்றதில் பின்பணம். நாட்டின் செல்போன் இணைப்புகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் ப்ரீபெய்டாகவே இருப்பதற்குக் காரணம் அந்தப் பழைய, பேசினால்தான் காசு என்ற நாட்களின் நினைவு. பயன்படுத்தாத மாதத்தில் செலவில்லை என்ற எண்ணம் இன்னும் பலர் மனத்தில் இருக்கிறது. உண்மையில் அந்தச் சலுகை செத்துச் சில ஆண்டுகளாகிவிட்டது.

வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, போஸ்ட்பெய்டு என்றால் ஒப்பந்தம், இரண்டு வருஷம் மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுபவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அப்படித்தான் இருந்தது. 2008-இல் ஐஃபோன் 3ஜி அங்கே ஏடி அண்ட் டியின் இரண்டு வருஷ ஒப்பந்தத்தோடு 199 டாலர். அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தபோது 8 ஜிபி மாடலின் விலை 31,000 ரூபாய். போன் விலையைக் கம்பெனி தாங்கி, மாதாமாதம் பில்லில் வசூலிக்கும் முறை இங்கே வேர்பிடிக்கவில்லை. முயற்சி நடக்காமல் இல்லை. 2003 ஜூலையில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் ‘மான்சூன் ஹங்காமா’ என்று 501 ரூபாய் வாங்கிக்கொண்டு போனைக் கையில் கொடுத்தது; மீதியைத் தவணையில் கட்டவேண்டும். பெரும் எண்ணிக்கையில் வாங்கினார்கள், பலர் கட்டாமல் விட்டார்கள், கம்பெனிக்கு வாராக்கடன் குவிந்தது. அதற்குப் பிறகு இந்தியக் கம்பெனிகள் போனையும் இணைப்பையும் பிரித்தே வைத்தன. விதிவிலக்காக 2019-இல் வோடஃபோன் ஐடியாவின் ‘ரெட்எக்ஸ்’ 999 ரூபாய்த் திட்டத்தில் ஆறு மாதக் கட்டாயமும், நடுவில் போனால் 3,000 ரூபாய் அபராதமும் இருந்தன. மற்றபடி சாதாரண போஸ்ட்பெய்டில் பில்லைக் கட்டிவிட்டு அடுத்த மாதமே கிளம்பலாம்.

நம்மூரில் உண்மையிலேயே கட்டிப்போடுவது ஆண்டு ரீசார்ஜ்தான். 3,599 ரூபாயை இன்று கொடுத்துவிட்டால் 365 நாள் அந்தக் கம்பெனிதான். மூன்றாவது மாதம் புது வீட்டுக்குக் குடிபோகிறீர்கள், அங்கே சிக்னல் இல்லை, வேறு கம்பெனிக்கு போர்ட் செய்கிறீர்கள் என்றால் மீதி ஒன்பது மாத வேலிடிட்டி கூட வராது. கம்பெனியே படுத்துவிட்டாலும் கிட்டத்தட்ட இதே கதி. 1999-இல் தமிழ்நாட்டில் பிறந்து இங்கே ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த ஏர்செல் 2018 பிப்ரவரி கடைசியில் திவால் மனு கொடுத்தபோது, அதற்கு முன்பே பல இடங்களில் சிக்னல் போய்விட்டது. போர்ட் செய்யும் குறியீட்டுக்காக ஜனங்கள் கடை கடையாக அலைந்தார்கள். நீண்ட வேலிடிட்டி போட்டு வைத்திருந்தவர்களுக்குப் பணமும் மாட்டிக்கொண்டது. அதற்காக ஆண்டுத் திட்டம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எந்த இடத்தில் இருக்கப்போகிறோம், அங்கே சிக்னல் எப்படி என்பது உறுதியாகத் தெரிந்த பிறகு போடவேண்டிய திட்டம் அது. புது ஊருக்குப் போனதும் முதல் இரண்டு மூன்று மாதம் 28 நாள் பேக்கிலோ போஸ்ட்பெய்டிலோ ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

விலைக்கு வருவோம். இதில் கண்ணை மறைக்கும் விஷயங்கள் இரண்டு. ஒன்று, ப்ரீபெய்டு மாதம் 28 நாள். வருஷத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று ரீசார்ஜ். இதைப் பற்றிப் புகார் குவிந்து, 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டமும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் குறைந்தது ஒவ்வொன்றாவது வைக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. வைத்தார்கள், ஆனால் விளம்பரத்தில் முன்னால் நிற்பது இன்றும் 28, 56, 84 தான். இரண்டாவது, ஜிஎஸ்டி. ப்ரீபெய்டு விலையில் 18 சதவீத வரி உள்ளேயே இருக்கிறது. போஸ்ட்பெய்டு விலையில் அது வெளியே நிற்கிறது. 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிந்தைய ஜியோ பட்டியலில் இரண்டு பக்கமும் 349 ரூபாய்த் திட்டம் உண்டு. ப்ரீபெய்டு 349 பதின்மூன்று தடவை போட்டால் 4,537 ரூபாய். போஸ்ட்பெய்டு 349-க்கு வரியோடு பில் 411 ரூபாய் 82 காசு. பன்னிரண்டு மாதத்துக்கு 4,942. வித்தியாசம் வருஷத்துக்கு 405 ரூபாய், அதாவது நாளுக்கு ஒரு ரூபாய் சொச்சம். பின்பணத்தில் காசு கரையும் என்ற பயத்துக்கு இவ்வளவுதான் ஆதாரம். ஏர்டெல்லில் இடைவெளி பெரிது: தொடக்க போஸ்ட்பெய்டு 449, வரியோடு கிட்டத்தட்ட 530, வருஷத்துக்கு 6,358, ஆண்டு ப்ரீபெய்டு 3,599. அங்கே 2,759 ரூபாய் வித்தியாசம், அதைக் கொடுக்கக் காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும்.

டேட்டாவை நம்பி முடிவெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஒரு நாளைக்கு 2 ஜிபி என்றால் 28 நாளுக்கு 56 ஜிபி என்று பெருக்கிப் பார்க்கிறோம். அந்த 2 ஜிபி நள்ளிரவில் காலாவதி. வீட்டில் வைஃபை இருப்பவர் திங்கள் முதல் வெள்ளி வரை அரை ஜிபிகூடத் தொடமாட்டார்; சனிக்கிழமை ரயிலில் போகும்போது மத்தியானத்துக்குள் 2 ஜிபி தீர்ந்து, வேகம் ஆமையாகி, 19 ரூபாய்க்கோ 29 ரூபாய்க்கோ பூஸ்டர் தேடுவார். இவருக்கு மாதத்துக்கு மொத்தமாக 30 ஜிபி தரும் போஸ்ட்பெய்டு, நாளுக்கு 2 ஜிபி தரும் ப்ரீபெய்டைவிடத் தாராளம். அதே சமயம், வைஃபை இல்லாமல் தினமும் போனிலேயே படம் பார்க்கும் கல்லூரிப் பிள்ளைக்கு 30 ஜிபி பத்து நாள் தாங்காது. அவனுக்கு தினக்கணக்கு ப்ரீபெய்டுதான் சரி. உங்கள் போனிலேயே செட்டிங்ஸில் போன மாதம் மொபைல் டேட்டா எவ்வளவு ஓடியது என்று எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் திட்டம் தேர்வது, சைஸ் தெரியாமல் செருப்பு ஆர்டர் கொடுக்கிற வேலை.

இனி, நான் முக்கியம் என்று சொன்ன விஷயம். வேலிடிட்டி தவறினால் என்ன நடக்கிறது? ப்ரீபெய்டில் குறித்த நாள் முடிந்ததும் அவுட்கோயிங் நின்றுவிடும். சில நாளில் இன்கமிங்கும் நிற்கும். போஸ்ட்பெய்டில் பில் தேதி, கட்டவேண்டிய கடைசித் தேதி, நினைவூட்டல், பிறகு அவுட்கோயிங் தடை, பிறகு முழுத் தடை என்று படிப்படியாக இறங்கும். மறந்தவனுக்குப் போஸ்ட்பெய்டு சில வாரம் தவணை கொடுக்கிறது, ப்ரீபெய்டு கொடுப்பதில்லை. எண் வெறும் பேச்சுக்காக இருந்த காலத்தில் இது ஒரு பொருட்டே அல்ல. இன்று வங்கிக் கணக்கு, ஆதார், யுபிஐ, வாட்ஸ்அப், கேஸ் புக்கிங் எல்லாம் அந்த எண்ணின் தலையில் நிற்கின்றன. எண் ரத்தானால் குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. 2023 நவம்பரில் இதை எதிர்த்து வந்த மனுவை முடித்துவைத்த உச்ச நீதிமன்றம், பழைய எண்ணில் இருந்த வாட்ஸ்அப் தகவல்களை அழித்துக்கொள்வது சந்தாதாரரின் பொறுப்பு என்ற பக்கமே நின்றது. 2025 ஏப்ரல் முதல், ரத்தான எண்களின் பட்டியலை வாராவாரம் பார்த்து யுபிஐயிலிருந்து நீக்கும்படி வங்கிகளுக்கு யுபிஐயை நடத்தும் என்பிசிஐ சொல்லியிருக்கிறது. பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடுதான். எண்ணைக் கோட்டைவிட்டவருக்குப் பணம் அனுப்பும் வழியும் கூடவே அடைபடும்.

இருபது ரூபாய் பேலன்ஸ் இருந்தால் எண் போகாது என்று ஒரு பேச்சு உண்டு. 2025 தொடக்கத்தில் இது ஏதோ புதுச் சலுகை போல வாட்ஸ்அப்பில் சுற்றியது. இது 2013-இலேயே வந்த விதி என்று டிராய் விளக்கம் கொடுக்கவேண்டியதாயிற்று. 90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்டு எண்ணில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் விட்டுவைக்க வேண்டும் என்பதுதான் அது. எண் கையைவிட்டுப் போகாமல் இருப்பது ஒன்று. அந்த எண்ணுக்கு ஓடிபி வந்து சேர்வது வேறு. பேக் முடிந்து இன்கமிங் அடைபட்ட எண் உங்கள் பேரிலேயே இருக்கும், ஆனால் வங்கி அனுப்பும் ஆறு இலக்கம் வராது. வேலை ஆகவேண்டிய நாளில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை.

இந்த இடத்தில் நியாயமான மறுப்பு ஒன்று வரும். மறதிக்கு மருந்தாக ஆட்டோபே இருக்கும்போது, அதற்காக போஸ்ட்பெய்டுக்குக் கூடுதல் காசு ஏன்? 2020 முதல் யுபிஐ ஆட்டோபே இருக்கிறது. 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு தடவையும் பின் போடாமல் கழித்துக்கொள்ளலாம், 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வரும். ப்ரீபெய்டு ரீசார்ஜுக்கும் இது பொருந்தும். சம்பளக் கணக்கில் எப்போதும் நாலு காசு இருக்கிற, செயலிகளோடு பழகிய ஆளுக்கு இந்த மறுப்பு முழுக்கச் சரி. அவர் ஆண்டு ப்ரீபெய்டோ 84 நாள் பேக்கோ போட்டு, ஆட்டோபேயும் வைத்துவிட்டால் போஸ்ட்பெய்டுக்கு அவர் கொடுப்பது வெட்டிச் செலவு. ஆனால் ஆட்டோபே தோற்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. கணக்கில் பணமில்லாத நாள், வங்கியை மாற்றிய மாதம், போன் மாற்றியபோது அழிந்த செயலி, திட்டத்தின் விலையே ஏறிப்போய் பழைய அனுமதி பொருந்தாமல் போவது. இவற்றில் ஏதாவது நடந்தால் ப்ரீபெய்டில் அன்றே அவுட்கோயிங் நிற்கும். போஸ்ட்பெய்டில் பில் நிலுவையாக நிற்கும், நீங்கள் கவனித்துச் சரிசெய்ய நாள் இருக்கும். வருமானம் ஒரே சீராக வராத சிறுதொழில் செய்பவர்களுக்கு, வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் அந்த ஒரே எண் இருக்கும்போது, இந்தச் சில நாள் மூச்சு விடும் இடத்துக்கு ஜியோ கணக்கில் வரும் அந்த 405 ரூபாய் மலிவு என்றுதான் நான் சொல்வேன்.

எதிர்ப்பக்கத்து மறுப்பும் இருக்கிறது. போஸ்ட்பெய்டில் பில் எகிறும் என்பார்கள். நிமிடத்துக்குக் காசு இருந்த காலத்தில் எஸ்டிடி, ரோமிங் என்று எகிறியது உண்மை. இன்று உள்நாட்டில் எகிற இடம் கொஞ்சம்தான்: வரம்பு தாண்டிய டேட்டா, வெளிநாட்டு அழைப்பு, தெரியாமல் ஒட்டிக்கொண்ட ஏதாவது சந்தா. எகிறக்கூடிய பெரிய இடம் வெளிநாட்டு ரோமிங். பேக் போடாமல் கொழும்பிலோ துபாயிலோ இறங்கி டேட்டாவைத் திறந்தால் போஸ்ட்பெய்டு விட்டுக்கொண்டே போகும், ப்ரீபெய்டு பேலன்ஸ் தீர்ந்ததும் நிறுத்திக்கொள்ளும். வெளிநாடு அடிக்கடி போகிறவர் விமானம் ஏறுமுன் பேக் போடும் ஒழுக்கம் இல்லாதவரானால் ப்ரீபெய்டிலேயே இருக்கட்டும். இன்னொரு விலையும் போஸ்ட்பெய்டில் மறைந்திருக்கிறது. கட்டாமல் விட்ட பில் கடன். அது சிபில் அறிக்கையில் ஏறலாம், வீட்டுக்கடன் கேட்கும் நாளில் சில நூறு ரூபாய் பாக்கி வந்து நிற்கும். ப்ரீபெய்டில் யாரும் யாருக்கும் பாக்கி இல்லை. சிம்மைத் தூக்கிப்போட்டுவிட்டு ஊர் மாறும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

போஸ்ட்பெய்டுக்கு நெட்வொர்க் வேகமாகக் கிடைக்கும் என்ற வாதத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஏர்டெல் ‘பிளாட்டினம்’ என்றும் வோடஃபோன் ஐடியா ‘ரெட்எக்ஸ்’ என்றும் கூடுதல் காசு கட்டுபவர்களுக்கு முன்னுரிமை என விளம்பரம் செய்தபோது, 2020 ஜூலையில் டிராய் குறுக்கிட்டு நிறுத்தி வைக்கச் சொன்னது, வழக்கும் நடந்தது. டவர் ஒன்றுதான், அலைவரிசை ஒன்றுதான். வாடிக்கையாளர் சேவையில் போன் எடுக்கிறவர் கொஞ்சம் சீக்கிரம் எடுக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். உண்மையான அனுகூலம் வேறொன்றில் இருக்கிறது, அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை: பில் என்ற காகிதம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட போஸ்ட்பெய்டு பில்லை முகவரிச் சான்றுக்கான ஆவணமாக ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிகள் ஏற்கின்றன. ப்ரீபெய்டு ரசீதுக்கு அந்த மதிப்பில்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு, கரண்ட் பில் வீட்டுக்காரர் பேரில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஜிஎஸ்டி எண் வைத்துத் தொழில் செய்பவர் கடைப் பேரையும் ஜிஎஸ்டி எண்ணையும் சேர்த்து பில் வாங்கினால் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் வெளியே நின்ற வரி அவருக்குச் செலவே அல்ல, ஜியோ ஒப்பீடே தலைகீழாகிவிடும்.

குடும்பம் என்று வந்தால் கணக்கு இன்னும் மாறும். அதே ஜியோ பட்டியலில் 449 ரூபாய்க் குடும்பத் திட்டத்தோடு மூன்று எண்களை ஆளுக்கு 150 ரூபாய்க்குச் சேர்க்கலாம். நாலு எண்ணுக்கு 899, வரியோடு 1,061 ரூபாய், வருஷத்துக்கு 12,730. அந்த நாலு பேரும் தனித்தனியாக 299 ரூபாய் ப்ரீபெய்டு பதின்மூன்று தடவை போட்டால் 15,548. போஸ்ட்பெய்டு இங்கே மலிவு. டேட்டா 75 ஜிபியோடு சேர்த்த எண்ணுக்கு ஐந்தைந்து ஜிபி. வீட்டில் வைஃபை இருந்தால் நாலு பேருக்கும் தாராளம், இல்லாவிட்டால் பிள்ளைகள் இரண்டாம் வாரத்தில் தீர்த்துவிடுவார்கள். ஆனால் நாலு எண்ணின் வேலிடிட்டியும் ஒரே ஆளின் பொறுப்பில் போய்விடுகிறது என்பதை மறக்கக்கூடாது. அவர் கட்டத் தவறினால் நாலும் நிற்கும். அந்த ஒரு ஆள் யார் என்பதைப் பொறுத்துத்தான் குடும்பத் திட்டம் நல்லதா கெட்டதா என்பது. மாதக் கடைசியில் கரண்ட் பில்லைக்கூட அபராதத்தோடு கட்டும் வீட்டில் நாலு எண்ணையும் ஒரு முடிச்சில் போடாதீர்கள்.

தனியாக இருக்கும் வயதானவர்களின் எண் எனக்கு இதில் எல்லாவற்றையும்விட முக்கியம். பென்ஷன், வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம் அதில்தான். பட்டன் போன் வைத்திருப்பவருக்கு நாளுக்கு ஒன்றரை ஜிபி எதற்கு? 2024 டிசம்பரில் டிராய் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் கொண்ட திட்டங்களைக் கட்டாயமாக்கி, சிறப்புக் கட்டண பேக்குகளின் வேலிடிட்டி உச்சவரம்பை 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. கம்பெனிகள் ஆரவாரமில்லாமல் கொண்டுவந்தன. ஏர்டெல்லில் 1,849 ரூபாய்க்கு 365 நாள். நாளுக்கு ஐந்து ரூபாய். 199 ரூபாய் பேக்கைப் பதின்மூன்று தடவை போட்டால் 2,587. மிச்சம் 738 ரூபாய். அதைவிடப் பெரிய லாபம், வருஷத்தில் பதின்மூன்று தடவை தவறக்கூடிய விஷயம் ஒரு தடவையாகக் குறைந்ததுதான். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பிள்ளைகள் ஊருக்கு வரும் சமயத்தில் அந்தத் தேதியை வைத்துக்கொண்டால் மறக்க வாய்ப்பே குறைவு. செயலியின் முதல் பக்கத்தில் இந்தத் திட்டங்கள் தென்படாது, கீழே இறங்கித் தேடவேண்டும். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலைபார்த்துக்கொண்டு, ஊர் வங்கிக்காக மட்டும் இந்திய எண்ணை வைத்திருப்பவர்களுக்கும் இதுவே பொருத்தம். கிளம்புமுன் ரோமிங்கைத் திறந்துவிட்டு, அங்கே போய் ஒரு ஓடிபி வரவழைத்துப் பார்த்துவிடவேண்டும்.

ஆண்டுத் திட்டத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. 2024 ஜூன் கடைசியில் விலை உயர்வு அறிவிப்பு வந்து ஜூலை 3-ஆம் தேதி அமலானது. இடையில் இருந்த சில நாளில் ஆண்டு ரீசார்ஜ் போட்டவர்கள் ஓராண்டு பழைய விலையில் ஓட்டினார்கள். போஸ்ட்பெய்டில் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆறு மாதப் பாதுகாப்பு உண்டு. அதற்குப் பிறகு ஏறும் விலை பில்லில் தானாக வந்து உட்காரும். 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை என்று இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நம்பிக்கையான சிக்னல் உள்ள இடத்தில் இருப்பவர், கையில் 3,599 ரூபாய் ஒன்றாக இருந்தால், முன்பணம் கட்டுவது தப்பாகாது. கையில் ஒன்றாக அந்தத் தொகை இல்லாதவர்களே நாட்டில் அதிகம், அவர்கள்தான் 28 நாள் கணக்கில் அதிகம் கட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம். அதைத் திட்டம் மாற்றித் தீர்க்க முடியாது.

மாறிப் பார்க்க நினைப்பவர்களுக்கு நடைமுறை. ஒரே கம்பெனிக்குள் ப்ரீபெய்டிலிருந்து போஸ்ட்பெய்டுக்கும் திரும்பவும் மாற, 2021 செப்டம்பர் முதல் கடைக்குப் போய்ப் புதிதாக கேஒய்சி கொடுக்கத் தேவையில்லை. ஓடிபி போதும், எண்ணும் மாறாது. மனம் மாறித் திரும்பிவர முன்பு 90 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2025-இல் முதல் தடவைக்கு அதை 30 நாளாகக் குறைத்தார்கள். வேறு கம்பெனிக்குப் போவதானால், இப்போதைய கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும், நான்கு நாள் செல்லும். போஸ்ட்பெய்டில் இருப்பவர் கடைசித் தேதி தாண்டிய பாக்கி வைத்துக்கொண்டு கேட்டால் குறியீடு வராது. பாக்கியைக் கட்டிவிட்டு, வைப்புத்தொகை ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் கேட்டு எழுதிவாங்கிவிட்டுக் கிளம்புங்கள். ப்ரீபெய்டில் இருப்பவர் பேக் முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது தொடங்குவது நல்லது. ஒரே தொலைத்தொடர்பு சர்க்கிளுக்குள் மூன்று வேலை நாளில் முடியவேண்டும் என்பது விதி. மாற்றம் நடக்கும் அந்த நடு இரவில் சில மணி நேரம் சிக்னல் இருக்காது, ஆகவே மறுநாள் காலையில் வங்கியில் முக்கிய வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். மாறும்போது மிஞ்சிய நாட்களைப் புதுப் பில்லில் கழித்துவிடுவோம் என்று கடையில் யாராவது சொன்னால், அதை எஸ்எம்எஸ்ஸாக அனுப்பச் சொல்லுங்கள்.